கழற்றுகிற கையும் மாட்டுகிற கையும்

ட்ரெவர் ஆல்சப்பின் காரை வாங்குவதாக இருந்தவன் நான்தான். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு இழுவை வண்டியோடு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கதையில் நான் ஏதோ நல்லவன் மாதிரி தெரிந்துவிடும்.

டார்பிக்கு வடக்கே, வொர்க்ஸ்வொர்த் ஊரின் மேட்டுத் தெருவில், ட்ரெவர் வீடும் என் வீடும் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டவை. நான் முப்பத்தோரு வருஷம் இந்த மலைச்சரிவுகளில் கடிதம் கொடுத்தவன். அவன் சுண்ணாம்புக் கல் குவாரியில் ஃபிட்டர். கல் உடைக்கும் இயந்திரம் நின்றுபோனால் அவனைத்தான் தேடி வருவார்கள். இருவரும் ஒரே வருஷம் ஓய்வு பெற்றோம். நான் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் துடைத்துக்கொண்டிருந்தேன். ட்ரெவர் துடைப்பதோடு நிற்கிற ஆள் இல்லை. நான்கு வருஷத்தில் மூன்று மோட்டார் சைக்கிள்களைத் துருவிலிருந்து எழுப்பி நிறுத்தினான். பிறகு ஒருநாள் ஹார்ட்டிங்டன் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து ஒரு காரின் அடிச்சட்டத்தையும் வெளிக்கூட்டையும் பதினொரு மரப்பெட்டிகளையும் கொண்டுவந்து இறக்கினான். 1932ஆம் வருஷத்து ஆஸ்டின் செவன். முன்பு அதை வைத்திருந்தவர் ஒவ்வொரு திருகாகக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, திரும்ப மாட்டுவதற்குள் செத்துப்போயிருந்தார். நாற்பது வருஷமாகக் காரின் கூட்டுக்குள் கோழிகள் முட்டையிட்டு வந்தன.

சின்னக் கார். இரண்டு பேர் உட்கார்ந்தால் தோளும் தோளும் உரசும். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அதன்மேல் ஆசை.

ட்ரெவரின் மனைவி கிளெண்டா மேட்லாக்கில் பல் மருத்துவரிடம் முப்பத்து மூன்று வருஷம் நர்ஸாக இருந்தவள். எல்லோரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள். ஊசிக்குப் பயந்த குவாரிக்காரர்களை அந்த ஒரு சொல்லால் நாற்காலியில் உட்கார வைத்தவள் என்று பேர். ஆனால் ட்ரெவரின் கராஜுக்குள் அவள் கால் வைத்ததில்லை. தேநீரைக் கொண்டுவந்து வாசலில் கவிழ்த்துப் போட்ட பெட்டியின்மேல் வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒருமுறை நான் காரணம் கேட்டேன்.

"முப்பத்து மூணு வருஷம் ஒரு ஆம்பள பக்கத்துல நின்னு சாமான் எடுத்துக் குடுத்தேன், ரோலண்ட். உள்ள போனா இவனும் கைய நீட்டுவான். இனி யாருக்கும் எடுத்துக் குடுக்கறதா இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. ஊரில் இன்று மழை என்பது போலச் சொன்னாள். அவளுக்குத் தேவாலயப் பாட்டுக் குழு இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு துண்டு நிலத்தில் அவரைக்காய் போட்டிருந்தாள். ட்ரெவருக்குக் கார் இருந்தது. மதியச் சாப்பாட்டில் சந்தித்துக்கொள்வார்கள்.

இரண்டு வருஷத்தில் சட்டம் சுத்தமாகி, சக்கரங்கள் வந்து, பெஞ்சின்மேல் எஞ்சின் பாதி சேர்ந்திருந்தது. அப்போதுதான் ட்ரெவரின் வலது கை ஆடத் தொடங்கியது.

முதலில் கண்டவள் கிளெண்டா. தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது, மடியில் சும்மா கிடந்த கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிக்கொண்டிருந்தன, மாத்திரை உருட்டுவது மாதிரி. அவள் வேலை பார்த்த பல் மருத்துவர் ஓய்வு பெற்றதே கை நடுங்கத் தொடங்கியதால்தான். கைகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது. அவள் கேட்டபோது குளிர் என்றான் ட்ரெவர். ஜூன் மாதம். பிறகு கையைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளத் தொடங்கினான். என்னோடு பேசும்போதும் அப்படித்தான். வயசான காலத்தில் ஸ்டைல் பழகுகிறான் என்று நான் கேலிகூடச் செய்தேன்.

செப்டம்பரில் அவள் அவனை டார்பி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கே டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து ஒரே வரியை ஐந்து முறை எழுதச் சொன்னார். ஐந்தாவது வரியில் எழுத்துகள் எறும்பளவுக்குச் சிறுத்துவிட்டன. பார்க்கின்சன் நோய் என்று டாக்டர் பெயர் சொன்னார். மாத்திரை உண்டு, பல வருஷம் நன்றாக நடமாடலாம் என்றும் சொன்னார். ட்ரெவர் அதில் பாதியைத்தான் காதில் வாங்கியிருப்பான்.

அக்டோபரில் ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ரோலண்ட், உனக்குக் கார் வேணுமா?" என்றான்.

ஏன் என்று கேட்டேன். பையிலிருந்து கையை எடுத்துச் சுவரின்மேல் வைத்தான். அது ஆடுவதை இருவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். ரொம்ப வருத்தம் என்றேன். வருத்தம்தான். ஆனால் அன்று மாலையே என் கொட்டகையின் நீளத்தை டேப் வைத்து அளந்தேன் என்பதும் உண்மை.

சனிக்கிழமை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அதற்கு முந்தின வியாழக்கிழமை ட்ரெவர் உடற்பயிற்சி சிகிச்சைக்காகப் பஸ் ஏறி மேட்லாக் போயிருந்தான். கார் போகிறதே, அதற்கு முன்னால் குப்பையையாவது ஒழித்து வைக்கலாம் என்று கிளெண்டா துடைப்பத்தோடு கராஜுக்குள் போனாள். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

பெஞ்சின்மேல் எஞ்சின் ஒரு பழைய படுக்கை விரிப்பால் மூடப்பட்டிருந்தது. எட்டு வால்வில் ஒன்றுதான் உள்ளே ஏறியிருந்தது, மீதி ஏழு பக்கத்தில் ஒரு தட்டில். சுருள்வில்லின்மேல் வால்வைப் பிடித்து நிறுத்துவதற்கு நெல்மணி அளவில் இரண்டிரண்டு உலோகத் துண்டுகள் உண்டு. வால்வு லாக் என்பார்கள். எட்டு வால்வுக்குப் பதினாறு. அதில் பாதி தரையில் சிதறிக் கிடந்தன. ஒரு கயிற்று நுனியில் காந்தம் கட்டித் தொங்கவிட்டிருந்தான், விழுந்ததைக் குனியாமல் எடுக்க. சுவரில் அவன் பென்சில் எழுத்து: முதல் வால்வு, மூன்று மணி நேரம். இரண்டாவது, முடியவில்லை. அதன் கீழே நான்கு தேதிகள். ஒவ்வொன்றுக்கும் நேரே அதே சொல், ஒவ்வொரு முறையும் இன்னும் சிறியதாக.

கிளெண்டா துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு அலமாரியிலிருந்த கையேட்டை எடுத்து அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்தாள். பிறகு வீட்டுக்குள் போய், ஓய்வு பெற்ற அன்று பல் மருத்துவர் அவளுக்குப் பரிசாகக் கொடுத்த மரப்பெட்டியை எடுத்து வந்தாள். அவள் கையாண்ட கருவிகள் அதற்குள் இருந்தன: வளைந்த முனை இடுக்கி, கொக்கிகள், நீளக் காம்பில் வட்டக் கண்ணாடி. கையேடு சொன்னபடி சுருள்வில்லை அழுத்தும் கருவியை மாட்டினாள். லாக்குக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவி இடுக்கியால் எடுத்து, கண்ணாடியில் பார்த்து, கடைவாய்ப் பல்லின் பின்பக்கம் வேலை செய்கிற மாதிரி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். முதல் ஒன்றுக்கு நாற்பது நிமிஷம் ஆனது. மூன்றாவதற்குப் பத்து.

ட்ரெவர் திரும்பி வரும்போது ஐந்து வால்வுகள் உட்கார்ந்திருந்தன.

"யாரு உன்ன இதத் தொடச் சொன்னா?"

"யாரும் சொல்லல. ஆறாவது போட்டுட்டிருக்கேன். வெளிச்சத்த மறைக்காத."

அவன் நகர்ந்து நின்றான். அவள் முடித்ததும் கிட்டே வந்து, போட்டிருந்த ஆறையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். குவாரியில் மற்றவர்கள் செய்த வேலையை அப்படித்தான் பார்ப்பானாம். குறை இல்லாமல் எவனையும் விட்டதில்லை.

"நாலாவதுல கிரீஸ் அதிகம்," என்றான்.

"நோயாளி புகார் குடுத்தா தொடச்சு விடறேன்."

அவன் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தான். அப்படித் தொடங்கியது எப்போது அழுகையாக மாறியது என்று தனக்கே தெரியவில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னான். கிளெண்டா அவன் தோளைத் தொடக்கூட இல்லை. கை கிரீஸாக இருந்தது, சட்டை வெள்ளை என்றாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு இழுவை வண்டியைப் பின்பக்கமாக ஓட்டி அவர்கள் வாசலில் நிறுத்தினேன். கிளெண்டா பழைய நர்ஸ் மேல்சட்டையோடு வெளியே வந்தாள். முழங்கைவரை கறுப்பு.

"ரோலண்ட் கண்ணு, உள்ள கேக் இருக்கு. சாப்பிட்டுட்டுப் போ. கார் இல்ல."

சாப்பிட்டேன். காலி வண்டியை இழுத்துக்கொண்டு பத்தடி தள்ளி இருக்கிற என் வீட்டுக்குப் போனேன். இரண்டு வாரம் தாங்காது என்று எனக்குத் தோன்றியது. அந்த இரண்டு வாரமும் இழுவை வண்டியை என் காரிலிருந்து கழற்றவே இல்லை.

தாங்கியது. ஆனால் எளிதாக இல்லை. ட்ரெவர் வாழ்நாளில் யாருக்கும் எதையும் விளக்கிச் சொன்னவன் இல்லை. குவாரியில் 'அத எடு' என்றால் கூட இருப்பவன் எடுத்துக் கொடுப்பான். இங்கே அந்தப் பேச்சு எடுபடவில்லை. சுவர் வழியாக எனக்குக் கேட்கும்.

"அத அப்படியே இப்படிப் போட்டு அதுக்குள்ள விடு."

"'அது'ன்னு ஒரு சாமான் இந்த உலகத்துலயே கிடையாது, ட்ரெவர். பேரச் சொல்லு."

சில நாள் ஸ்பானர் தரையில் விழும் சத்தத்தோடு பேச்சு முடியும். ஒருவர் வீட்டுக்குள்ளும் இன்னொருவர் தெருவிலுமாகப் போய்விடுவார்கள். மறுநாள் பத்து மணிக்குக் கராஜ் கதவு திறக்கும். பத்திலிருந்து பன்னிரண்டுவரைதான் வேலை. ஒன்பது மணி மாத்திரை நன்றாகப் பிடித்திருக்கும் நேரம் அது. பன்னிரண்டு அடித்ததும், பாதியில் நிற்கிற திருகு பாதியிலேயே நிற்கட்டும் என்று கையுறையைக் கழற்றிவிடுவாள் கிளெண்டா.

'கொஞ்சம் இறுக்கு' என்பதுதான் அவர்களுக்குள் பெரிய தகராறு. கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவள் கேட்பாள். அவனுக்குச் சொல்லத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். கடைசியில் ஒருநாள், ஸ்பானரைப் பிடித்திருந்த அவள் கையின்மேல் தன் கையை வைத்து அழுத்திக் காட்டினான். பலமாகப் பிடித்து இழுக்கும்போது அவன் நடுக்கம் அடங்கிவிடும், சும்மா இருக்கும்போதுதான் ஆட்டம். அன்று பதினான்கு நட்டுகளை அப்படி இரண்டு கையும் சேர்ந்தே இறுக்கின. கிளெண்டா இதை என்னிடம் சொல்லும்போது நட்டுகளைப் பற்றித்தான் சொன்னாள். முகம் மட்டும் வேறு எதையோ சொன்னது.

டிசம்பர் வாக்கில் நான் போய்ப் பார்த்தபோது அவள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பிரேக் கம்பியைப் பிணைத்துக்கொண்டிருந்தாள். ட்ரெவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையை நீட்டினாள், பார்க்காமலேயே. கேட்காமலேயே அவன் சரியான இடுக்கியை அதில் வைத்தான்.

"பாத்தியா ரோலண்ட்," என்றாள் கிளெண்டா. "முப்பத்து மூணு வருஷம் கழிச்சு எனக்கு ஒரு நர்ஸ் கிடைச்சிருக்கான்."

"சம்பளம் இல்லாத நர்ஸு," என்றான் ட்ரெவர்.

"மத்தியானம் குடிக்கிற சூப்புக் கணக்குல வருது."

பிப்ரவரி நடுவில், ஓட வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். எஞ்சினைக் கிளப்ப ஹேண்டில் சுற்ற என்னைக் கூப்பிட்டார்கள். குளிர் எலும்பில் இறங்கியிருந்தது. மூன்று சுற்று ஒன்றுமில்லை. நான்காவதில் தும்மிற்று. ஐந்தாவதில் பிடித்துக்கொண்டது. கராஜ் முழுக்க நீலப் புகை. கிளெண்டா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. எஞ்சினின் அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டிக். பிறகு இரண்டு. பிறகு விடாமல், யாரோ உள்ளே நகத்தால் தட்டுகிற மாதிரி.

ட்ரெவர் எட்டி அணைத்துவிட்டான்.

எதுவாக இருக்கும் என்று நான் முந்திக்கொண்டு ஊகம் சொல்லிக்கொண்டிருந்தேன். கிளெண்டா நான் சொன்னதைக் கேட்கவில்லை. அவள் ட்ரெவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு அது என்னன்னு தெரியும்," என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஜூன் மாசம். எஞ்சின் தொறந்திருந்துது. ஒரு வாஷர் கையிலேருந்து நழுவிடுச்சு. உள்ள விழுந்ததா தரையில விழுந்ததான்னு தெரியல. தேடினேன். கிடைக்கல. தரையிலதான் விழுந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

"நெனச்சுக்கிட்டியா?"

"நெனைக்கணும்னு இருந்துது."

"நாலு மாசம் நான் அதுக்கு மேலதான் ஒவ்வொண்ணா மாட்டிருக்கேன். நீ பக்கத்துல உக்காந்து எடுத்துக் குடுத்த."

கிளெண்டா கையுறைகளைக் கழற்றி மட்கார்டின்மேல் வைத்தாள். அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"விழுந்தது தப்பில்ல, ட்ரெவர். நல்ல டாக்டர் கையிலேருந்தும் விழும். நோயாளி வாய்க்குள்ள ஏதாவது விழுந்தா அந்த நிமிஷமே சொல்லணும். எங்க வேலையில அது ஒண்ணுதான் சட்டம். மீதியெல்லாம் பழக்கம்."

அன்று மதியம் அவள் பையை எடுத்துக்கொண்டு ரிப்ளியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறினாள். நான் கையில் ஹேண்டிலோடு நின்றிருந்தேன். அதை எங்கே வைப்பதென்றுகூடத் தெரியவில்லை.

மறுநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கம் உலோகம் உரசும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். காரின் முன்பக்கத்தை மரக்கட்டைகளின்மேல் ஏற்றி வைத்து, கீழே பழைய கம்பளத்தை விரித்து, ட்ரெவர் மல்லாந்து படுத்திருந்தான். எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்குகிற தட்டு ஒன்று உண்டு. சுற்றிலும் இருபதுக்கு மேல் போல்ட். அதைக் கழற்றினால்தான் உள்ளே பார்க்க முடியும். நான் அரை மணி நேரத்தில் செய்துவிடுவேன், எழுந்திரு என்றேன்.

"இல்ல. இத நான்தான் கழட்டணும்."

"உன் கை..."

"கழட்டறது வரும், ரோலண்ட். ஆடிக்கிட்டே இருந்தாலும் கழலும். மாட்டறதுதான் வராது."

நான்கு நாள் ஆயிற்று. ஸ்பானர் நழுவி நழுவி அவன் விரல் முட்டிகளில் தோல் இல்லை. சாப்பாடு கொண்டுபோய் வைத்தேன், பாதிதான் தின்றான். கிளெண்டாவுக்குப் போன் செய்யவில்லையா என்று கேட்டேன். சொல்ல ஒன்றும் இல்லாமல் போன் பண்ணி என்ன செய்ய, அது கிடைக்கட்டும் என்றான்.

ஐந்தாம் நாள் பதினொரு மணி பஸ்ஸில் கிளெண்டா வந்து இறங்குவதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். நேரே வீட்டுக்குப் போகவில்லை. பையோடு கராஜுக்குப் போனாள். உள்ளே நடந்ததை இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். பெரிய வித்தியாசமில்லை.

தட்டு கழன்று ஓரத்தில் கிடந்தது. அதில் வாஷர் இல்லை. ட்ரெவர் கையை மேலே எஞ்சினுக்குள் விட்டுத் தடவிக்கொண்டிருந்தான். காலடிச் சத்தத்திலேயே யாரென்று தெரிந்துவிட்டது. வெளியே வராமலேயே, "இன்னும் கிடைக்கல," என்றான்.

அவள் பையை வைத்தாள். மரப்பெட்டியிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். ஊருக்குப் போட்டுப் போகிற நல்ல கோட்டோடு அந்த எண்ணெய்க் கம்பளத்தில் அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். விளக்கைப் பிடிக்கச் சொல்லவில்லை, நெற்றியில் கட்டிக்கொண்டாள். பின்பக்கச் சுவரில், தடவுகிற விரல் எட்டாத ஒரு விளிம்பின்மேல், சட்டைப் பொத்தான் அளவு வாஷர் எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருந்தது. இடுக்கியால் எடுத்து அவன் மார்பின்மேல் வைத்தாள்.

"ஜூன்லயே சொல்லியிருக்கணும்," என்றான் ட்ரெவர்.

"கையப் பத்தியும்."

"அதயும்." கொஞ்சம் பொறுத்து, "குளிருன்னு சொன்னேன்ல. அத நீ நம்பிடுவியோன்னு பயமா இருந்துது. நம்பமாட்டியோன்னும் பயமா இருந்துது."

"இனிமே எது விழுந்தாலும்?"

"சத்தம் கேட்ட உடனே சொல்லிடறேன்."

அப்படியே கொஞ்ச நேரம் படுத்திருந்தார்கள். பேச இன்னும் இருந்தது என்பதால் மட்டும் இல்லை. இருவருக்கும் எழுந்திருக்க வரவில்லை. கிளெண்டாவின் இடுப்பு பிடித்துக்கொண்டது. ட்ரெவரின் மாத்திரை நேரம் தாண்டியிருந்தது. முதலில் ஒருவரை ஒருவர் தள்ளிப் பார்த்தார்கள், பிறகு சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் சுவரைத் தாண்டி என் பெயரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. போய், சாக்கு மூட்டை இழுக்கிற மாதிரி ஒவ்வொருவராகக் காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். கிளெண்டாவின் கோட்டு முதுகு முழுக்கக் கறுப்பு. அதன் பிறகு அதை அவள் வேறெங்கும் போடவில்லை, கராஜுக்கென்று ஆகிவிட்டது.

பத்து நாளில் எல்லாம் திரும்ப ஏறியது. இந்த முறை எஞ்சினுக்குள்ளிருந்து வரவேண்டிய சத்தம் மட்டுமே வந்தது.

எங்கள் பழைய வண்டிச் சங்கம் வருஷத்துக்கு ஒருமுறை சேற்றுமேட்டுப் போட்டி நடத்தும். வேகம் கணக்கில்லை. ஈரமான மலைச்சரிவில் கீழிருந்து மேலே பத்துக் கம்பங்கள் நட்டிருக்கும். கார் எந்தக் கம்பம்வரை நிற்காமல் ஏறுகிறதோ அத்தனை புள்ளி. ஓட்டுபவர் ஓட்டவேண்டும். பக்கத்தில் இருப்பவர் இருக்கையில் எம்பி எம்பிக் குதிக்கவேண்டும், அப்போதுதான் பின்சக்கரம் சேற்றைக் கவ்வும். மார்ச் கடைசியில் வந்த மனுக்களில் ஒன்று: ஓட்டுநர், கிளெண்டா ஆல்சப். துணை, ட்ரெவர் ஆல்சப்.

கார் ஓட்டுவதை ட்ரெவர் தானாகவே நிறுத்தியிருந்தான். கிளெண்டா மார்ச் முழுக்கக் குவாரிச் சாலையில் பழகினாள். அந்தக் காரின் கிளட்ச் விரற்கடை அகலத்துக்குள் பிடித்துவிடும், முதல் வாரம் முயல் மாதிரித் துள்ளித் துள்ளித்தான் போனார்கள். சங்கத்தில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ட்ரெவர் பாவம், வீட்டுக்காரி ஏதோ ஆறுதலுக்குச் செய்து வைத்ததை மலையில் ஏற்றி யாராவது கழுத்தை முறித்துக்கொள்வார்கள் என்றார்கள். போட்டிக்கு முன் வண்டிகளைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். என் காதில் போட்டுவைத்தால் போதும் என்று அவர்களுக்குத் தெரியும்.

உண்மையைச் சொன்னால், நானும் ஏதாவது குறை கிடைக்குமா என்றுதான் கீழே படுத்தேன். பயம் பாதி. மீதி என்ன என்று சொல்லவேண்டியதில்லை. ஸ்டீயரிங்கைப் பார்த்தேன், பிரேக் கம்பிகளைப் பார்த்தேன். நட்டு கழலாமல் இருக்கப் போடும் ஸ்பிளிட் பின்கள் ஒவ்வொன்றும் ஒரே அளவில் நறுக்கி, ஒரே பக்கம் மடித்து, நல்ல டாக்டர் போட்ட தையல் மாதிரி வரிசையாக இருந்தன. என் மோட்டார் சைக்கிளில் இருப்பவை நினைவுக்கு வந்தன. எழுந்து கையெழுத்துப் போட்டேன். யார் மாட்டியது என்று பின்னால் நின்ற ஒருவர் கேட்டார். அந்த அம்மாதான், நீங்களும் குனிந்து பாருங்கள் என்றேன். குனிந்து பார்த்தார். எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு தன் வண்டிக்குப் போய்விட்டார்.

முதல் மேட்டில் இரண்டாவது கம்பத்திலேயே சக்கரம் சுழன்று நின்றுவிட்டார்கள். அடுத்ததில் ஆறு. கடைசி மேட்டுக்கு ஆட்டுக்காரன் சரிவு என்று பெயர். மழை பிடித்துக்கொண்டது. அவர்களுக்கு முன்னால் போன ஏழு பேரும் வளைவில், ஐந்தாவது கம்பத்தில், சறுக்கியிருந்தார்கள். நான் வளைவில் கொடியோடு நின்றிருந்தேன். கீழே புறப்படும் இடத்தில் நின்ற ஆள் கொடியை இறக்குமுன் ட்ரெவரைப் பார்த்து, நன்றாகக் குதிக்கவேண்டும், முடியுமா என்று கேட்டானாம்.

"என் பாதி உடம்பு பத்து மாசமா குதிச்சிட்டுத்தான் இருக்கு," என்றான் ட்ரெவர். "மீதியையும் சேத்துக் குதிக்கறேன்."

வந்தார்கள். கிளெண்டா பல்லைக் கடித்துக்கொண்டு, காரின் முன்கண்ணாடியில் மூக்கு படும்படி முன்னால் சாய்ந்திருந்தாள். ட்ரெவர் இருக்கையின் பின்விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி ஏறி ஏறி விழுந்துகொண்டிருந்தான். தொப்பி எப்போதோ பறந்துவிட்டது. வளைவில் பின்பக்கம் சறுக்கிற்று. "விடு, விடு, இப்ப குடு," என்று அவன் சொல்வது எனக்குக் கேட்டது. 'அது' என்ற சொல்லே இல்லை. அவள் ஆக்சிலரேட்டரை விட்டாள், பிறகு அழுத்திக் கொடுத்தாள். சக்கரம் எதையோ கவ்விற்று. ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதாவது கம்பத்தைத் தாண்டி ஒரு கை நீளத்தில் மூச்சு வாங்கி நின்றது. பத்தைத் தொடவில்லை. மேட்டின் மேலே குடைபிடித்து நின்றவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் கொடியை ஆட்ட மறந்துபோயிருந்தேன்.

இருபத்திரண்டு வண்டிகளில் பதினொன்றாவதாக வந்தார்கள்.

திரும்பும்போது நான் மோட்டார் சைக்கிளில் அவர்களுக்குப் பின்னால் வந்தேன். மேல்மூடி இல்லாத கார், விடாத தூறல். ஊருக்கு வெளியே பொரித்த மீன் கடை வாசலில் கிளெண்டா நிறுத்தினாள். பொட்டலங்களை வாங்கி வந்து, பக்கத்து மரத்தடியில் காரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ட்ரெவரின் கை அந்த நேரத்தில் நன்றாக ஆடியது. ஒவ்வொரு உருளைக்கிழங்குத் துண்டும் வாய்க்குப் போகும் வழியில் கொஞ்சம் சுற்றிக்கொண்டு போயிற்று. கிளெண்டா உதவிக்குப் போகவில்லை. தன் மீனைத் தின்றுகொண்டிருந்தாள். நான் காரில் சாய்ந்து நின்று, அந்த வண்டியை நான் வாங்கியிருந்தால் இந்நேரம் என் கொட்டகையில் விரிப்புக்குக் கீழே சுத்தமாக நின்றிருக்கும் என்று யோசித்தேன். அந்த யோசனை முன்பு போல இனிக்கவில்லை.

"ரெண்டாவது கியர்ல ஒரு சத்தம் வருது," என்றான் ட்ரெவர் திடீரென்று.

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே."

"எனக்குக் கேக்குது. மெல்லிசா. கியர் பெட்டியக் கழட்டிப் பாக்கணும். நாளைக்குப் பத்து மணிக்குத் தொடங்கலாமா?"

கிளெண்டா விரலில் ஒட்டியிருந்த உப்பைத் துடைத்துக்கொண்டாள். "பதினொண்ணு. பத்துக்கு எனக்குப் பாட்டுக் குழு இருக்கு. நீ கழட்டி வை. நான் வந்து மாட்டறேன்."

சரி என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த துண்டை எடுத்தான். அது காரின் தரையில் விழுந்தது.

"விழுந்துடுச்சு," என்றான் உடனே.

"சத்தம் கேட்டுது," என்றாள் கிளெண்டா. பிறகு தன் பொட்டலத்தை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.